பத்து நிமிஷத்தில் பருப்பு வருகிறது; லாபம் எங்கே போகிறது?

2025 டிசம்பர் 25, 31 தேதிகளில் இந்தியாவின் பல நகரங்களில், செல்போன் மூலம் கேட்கப்படும் சாமான்களை வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பண்டிகை நாளும் புத்தாண்டுக்கு முந்திய இரவும் கம்பெனிகளுக்கு வசூல் கொழிக்கும் நாட்கள் என்பதை அறிந்துதான் அந்தத் தேதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பத்து நிமிஷத்தில் சாமான் வரும் என்ற வாக்குறுதியை எடுத்தெறிய வேண்டும் என்பது அவர்களது முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. மறு மாதம், 2026 ஜனவரியில், மத்திய தொழிலாளர் மந்திரி கம்பெனிக்காரர்களிடம் பேசிய பிறகு, பிளிங்கிட் கம்பெனி தன் விளம்பரத்திலிருந்து பத்து நிமிஷத்தை எடுத்துவிட்டது.

தொழிலாளர்கள் ஒன்றுபட்டு நின்றதால் கிடைத்த பலன் இது. அவர்களை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் விளம்பரத்தில் உள்ள எழுத்தை அழிப்பது சுலபம். அந்தப் பத்து நிமிஷத்தை நம்பிக் கட்டப்பட்ட வியாபார முறை அப்படியே நிற்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம்.

பேச வேண்டிய அவசியம் என்ன? இன்று நமது கிளைக் கூட்டங்களுக்கும் வாலிபர் சங்கக் கூட்டங்களுக்கும் வரும் படித்த இளைஞர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "வேலை கிடைக்கவில்லை. கம்ப்யூட்டர் படித்திருக்கிறோம். எங்கள் ஊர் ஜனங்கள் அன்றாடம் வாங்கும் சாமான்களைச் செல்போன் மூலம் கேட்டு வாங்கும்படி ஒரு தொழில் தொடங்கினால் என்ன?" என்கிறார்கள். 2016 ஜனவரியில் ஸ்டார்ட்-அப் இந்தியா என்ற திட்டத்தை ஆரம்பித்த நாளிலிருந்து மத்திய சர்க்காரும் இதைத்தான் ஓதிக்கொண்டிருக்கிறது. வேலை தேடாதே, வேலை கொடுப்பவனாக மாறு என்று உபதேசம் செய்கிறது. இந்த இளைஞர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வது? "முதலாளித்துவ மாயை" என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டால் அது பதிலாகாது.

வசதி பொய்யல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். பாட்டாளி வர்க்கம் இயந்திரத்துக்கு எதிரியல்ல. செல்போனைத் திறந்து நாலு பொருளைத் தொட்டால் அவை வீட்டு வாசலுக்கு வந்துவிடுகின்றன என்பது உண்மையான வசதி. காலையில் போய் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் உழைக்கும் பெண்ணுக்கு, நாளைக்கு இட்லி மாவு இல்லை என்பது ஒரு பெரிய பிரச்னை. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியே வாழும் முதியவருக்கு மாடிப்படி இறங்கிப் போய் அரிசிப் பையைத் தூக்கி வருவது ஒரு சோதனை. கைக்குழந்தையுடன் இருப்பவளுக்கு, காய்ச்சலில் படுத்திருப்பவனுக்கு, மாற்றுத் திறனாளிக்கு இந்த வசதி பெரிய உதவி.

கடைக்குப் போவதும், விலை விசாரிப்பதும், சுமந்து வருவதும் நம் நாட்டில் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்த, கூலியில்லாத உழைப்பு. அந்தச் சுமையைக் குறைக்கும் எந்தக் கருவியையும் வரவேற்க வேண்டும். "எங்கள் காலத்தில் நடந்து போய் வாங்கினோம்" என்று பெருமை பேசுவது நமது வேலையல்ல.

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஒருவருக்கு மிச்சமாகும் நேரம் யாருடைய நேரத்திலிருந்து எடுக்கப்படுகிறது? இந்தக் கருவி யார் கையில் இருக்கிறது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இந்த வியாபாரம் நடக்கும் விதத்தைப் பார்ப்போம். நகரத்தில் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒரு கிட்டங்கியை வாடகைக்கு எடுக்கிறார்கள். வெளியார் உள்ளே போய் வாங்க முடியாது. அதனால் இதற்கு டார்க் ஸ்டோர் என்று பெயர். ஆயிரக்கணக்கான சாமான்கள் எண் போட்ட அலமாரிகளில் அடுக்கப்பட்டிருக்கும். செல்போனில் உத்தரவு வந்ததும் உள்ளே நிற்கும் தொழிலாளி ஓடி ஓடி எடுத்துப் பையில் கட்ட வேண்டும். அதற்கும் நிமிஷக் கணக்கு உண்டு. வாசலில் காத்திருக்கும் இன்னொரு தொழிலாளி அதை வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பறக்கிறார். எந்தத் தெருவில் எந்த நேரத்தில் எது விற்கும் என்பதைக் கம்ப்யூட்டர் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கிறது.

கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் வரவு செலவைப் பாருங்கள். உதாரணத்துக்கு, ஒருவர் 200 ரூபாய்க்குச் சாமான் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்குப் பதினைந்து ரூபாய் நிற்கிறது என்று தாராளமாகவே கணக்கிடுவோம். மொத்தம் 30 ரூபாய். இந்த 30 ரூபாயிலிருந்துதான் கிட்டங்கி வாடகை, மின்சாரம், குளிர்பெட்டி, உள்ளே வேலை செய்பவர் சம்பளம், பை, கெட்டுப்போன காய்கறி நஷ்டம், கம்ப்யூட்டர் செலவு, வீட்டுக்குக் கொண்டுபோகும் கூலி எல்லாம் வர வேண்டும். கொண்டுபோகிறவருக்கு வெறும் 15 ரூபாய் கொடுத்தாலும் பாதி தீர்ந்தது. மீதி 15 ரூபாயில் மற்ற செலவுகளைக் கட்டியாக வேண்டும். கட்டுமா?

கட்டாது. ஆகவே நாலு வழிகளில் ஒன்றையோ நாலையுமோ பிடிக்க வேண்டும். வாங்குகிறவரிடம் கையாளும் கட்டணம், மழைக் கட்டணம், சிறு தொகைக் கட்டணம் என்று வெவ்வேறு பெயர்களில் வசூலிப்பது ஒன்று. சரக்கு தருபவரிடம் விலையை நெருக்குவதும், "உன் சோப்பு முதலில் தெரிய வேண்டுமானால் பணம் கட்டு" என்று விளம்பரக் காசு கறப்பதும் இரண்டாவது. தொழிலாளியின் கூலியை வெட்டுவது மூன்றாவது. இவை எல்லாம் பலன் தரும் வரை, பெருமூலதனக்காரர்கள் கொண்டுவந்து கொட்டும் பணத்தில் நஷ்டத்துக்கு விற்றுக்கொண்டே எதிரில் உள்ளவனைத் தீர்த்துக்கட்டுவது நாலாவது.

இந்த நாலாவது வழிதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. நம் ஊர் வாலிபர் பத்து லட்சம் கடன் வாங்கிக்கொண்டு இந்தப் பந்தயத்தில் இறங்குகிறார். எதிரே நிற்பவனோ பல ஆண்டுகள் நஷ்டப்பட்டாலும் அசையாமல் நிற்கப் பணம் வைத்திருக்கிறான். வாலிபரின் புத்தி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் பந்தயத்தின் விதி பணத்தால் எழுதப்பட்டிருக்கிறது.

தொடங்கியவர்கள் எங்கே?

கடந்த பதினைந்து வருஷச் சரித்திரத்தைப் புரட்டினால் இது விளங்கும்.

2007இல் பெங்களூரில் இரண்டு இளைஞர்கள் பிளிப்கார்ட்டைத் தொடங்கினார்கள். புத்தகம் விற்க ஆரம்பித்த கடை அது. 2018இல் அதன் நூற்றுக்கு 77 பங்கை 1,600 கோடி டாலர் கொடுத்து அமெரிக்க வால்மார்ட் வாங்கியது. 2011இல் தொடங்கப்பட்ட பிக் பாஸ்கெட் 2021இல் டாடா கையில் போயிற்று. 2013இல் தொடங்கிய குரோபர்ஸ், 2021இல் பிளிங்கிட் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2022இல் சுமார் 4,447 கோடி ரூபாய்க்கு ஜொமாட்டோவுக்குள் அடங்கியது. இவை "ஜெயித்த" கதைகள்!

தோற்றவை? மளிகை வினியோகத்தில் இறங்கிய பெப்பர்டாப் 2016இல் அந்தத் தொழிலையே மூடியது. பெங்களூரில் பிறந்த டன்ஜோ, எந்தச் சாமானையும் ஓடிப்போய் வாங்கிவந்து தரும் சேவையாகப் பேர் வாங்கியது. 2022 ஜனவரியில் ரிலையன்ஸ் ரீடெயில் அதில் 20 கோடி டாலர் போட்டது. 2025 ஜனவரியில் அதன் செயலியே நின்றுபோயிற்று.

ஆக, தொடங்குகிறவர்களில் பலர் மடிகிறார்கள். பிழைப்பவர்கள் ஏகபோகத்தின் வயிற்றுக்குள் போகிறார்கள். சுதந்திரப் போட்டி முற்றி ஏகபோகமாக மாறுகிறது என்று லெனின் 1916இல் விளக்கினார். அப்போது அவர் கண்முன் இருந்தவை எஃகும் நிலக்கரியும் பாங்குகளும். இன்று நம் சமையலறைப் பருப்பிலும் பாலிலும் அதே விதி வேலை செய்கிறது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2012 செப்டம்பரில் அன்றைய மத்திய சர்க்கார் பல பொருள் சில்லறை வியாபாரத்தில் நூற்றுக்கு 51 வரை அந்நிய மூலதனத்தை அனுமதித்தது. செப்டம்பர் 20ஆம் தேதி நாடெங்கும் கடையடைப்பு நடந்தது. இடதுசாரிகளும் வியாபாரிகளும் தெருவில் இறங்கினார்கள். வால்மார்ட் கடை நம் கடைத் தெருவில் முளைக்கவில்லை. ஆனால் ஆறே வருஷத்தில், தெருவில் கடை போடாமலே, செல்போன் வழியாக நுழைந்துவிட்டது. தலைவாசலில் தடுக்கப்பட்டவனுக்குக் கொல்லைப்புறத்தைத் திறந்து விட்டவர்கள் யார்? அந்நிய முதல் உள்ள கம்பெனி "சந்தை" நடத்தலாம், தானே சரக்கு வைத்து விற்கக்கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதி காகிதத்தில் இருக்க, அமேசானும் பிளிப்கார்ட்டும் தங்களுக்கு வேண்டிய சில விற்பனையாளர்களுக்கே சலுகை காட்டியதாகப் போட்டி ஆணையத்தின் விசாரணைப் பிரிவு கண்டறிந்தது என்று 2024இல் செய்தி வெளிவந்தது. கம்பெனிகள் மறுக்கின்றன. வழக்கு வழக்காக நீள்கிறது. வியாபாரம் வியாபாரமாக நடக்கிறது.

"கூட்டாளி" என்ற பட்டம்

இந்தக் கம்பெனிகள் தங்கள் தொழிலாளியைத் தொழிலாளி என்று சொல்வதில்லை. "கூட்டாளி" என்று அழைக்கின்றன. என்ன கூட்டு? வண்டி தொழிலாளியுடையது. பெட்ரோல் அவர் காசு. செல்போன் அவருடையது. மழையும் வெயிலும் அவருடையவை. விழுந்து கால் ஒடிந்தால் வலியும் அவருடையது. லாபத்தில் மட்டும் கூட்டு இல்லை!

2023 ஏப்ரலில் டெல்லியிலும் சுற்றுப்புற நகரங்களிலும் பிளிங்கிட் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். காரணம், ஒரு தடவை கொண்டு சேர்ப்பதற்கான அடிப்படைக் கூலியை 25 ரூபாயிலிருந்து 15 ரூபாயாகக் குறைத்து, மீதியைத் தூரத்தைப் பொறுத்ததாக மாற்றியதுதான். பேச்சுவார்த்தை கிடையாது, நோட்டீஸ் கிடையாது. ஒரு நாள் காலையில் செல்போனில் புதிய கணக்கு தெரியும், அவ்வளவுதான். பழைய ஆலை முதலாளி கூலியை வெட்டினால் மேஸ்திரியையாவது பார்த்துக் கேட்கலாம். இங்கே யாரைக் கேட்பது? உத்தரவு போடுவதும், தூரத்தை அளப்பதும், தாமதத்துக்கு மார்க் போடுவதும், கணக்கை முடக்கி வேலையிலிருந்து நீக்குவதும் கம்ப்யூட்டர்! அதன் சூத்திரம் கம்பெனி ரகசியம்.

இத்தகைய தற்காலிக, செயலி வழித் தொழிலாளர்கள் 2020-21இல் நாட்டில் 77 லட்சம் பேர் என்றும், 2029-30இல் 2 கோடியே 35 லட்சம் பேர் ஆவார்கள் என்றும் நிதி ஆயோக் 2022இல் மதிப்பிட்டது. இவர்களுக்கு 2020ஆம் வருஷத்திய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு என்ன செய்தது? அது அமுலுக்கு வரவே 2025 நவம்பர் 21 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கம்பெனிகள் வருஷ வரவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை, தொழிலாளருக்குக் கொடுக்கும் தொகையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படாமல், ஒரு நிதியில் செலுத்த வேண்டும் என்கிறது. நல்லது, வாங்கிக்கொள்வோம். ஆனால் குறைந்தபட்சக் கூலிக்கு உத்தரவாதம் எங்கே? வேலை நேர வரம்பு எங்கே? அடுத்த உத்தரவுக்காகக் கிட்டங்கி வாசலில் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி எங்கே? "தொழிலாளி" என்ற அந்தஸ்தே கொடுக்காமல் நிவாரணம் மட்டும் கொடுப்பது, உரிமைக்குப் பதில் தர்மம் கொடுப்பதாகும்.

இது முடியாத காரியமா? பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஊபர் கார் ஓட்டுபவர்கள் தொழிலாளர்களே என்றும், அவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியும் சம்பளத்துடன் விடுமுறையும் உண்டு என்றும் தீர்ப்பளித்தது. ஸ்பெயின் அதே ஆண்டு உணவு கொண்டு செல்வோரைத் தொழிலாளர்களாகக் கருத வேண்டும் என்று சட்டமே செய்தது. நம் நாட்டில் ராஜஸ்தான் 2023இல் முதல் சட்டம் கொண்டுவந்தது. கர்நாடகம் 2025இல் தொடர்ந்தது. தமிழ்நாட்டில் 2023இல் நலவாரியம் அமைந்தது. இவை எதுவும் வானத்திலிருந்து விழவில்லை. தொழிலாளர்கள் சங்கம் கட்டிக் கேட்டதால் வந்தவை.

அண்ணாச்சி கடையும் கடைப் பையனும்

இனி சிறு வியாபாரியைப் பற்றி. தெருமுனை மளிகைக் கடை பொருள் விற்கும் இடம் மட்டுமல்ல. மாதச் சம்பளம் வரும் வரை கணக்கு நோட்டில் எழுதி வைத்துச் சாமான் கொடுக்கும் பாங்கு அதுதான். ஐந்து ரூபாய்க்கு எண்ணெய், பத்து ரூபாய்க்குப் பருப்பு என்று பொட்டலம் கட்டித் தருவதும் அதுதான். வேலை போய்விட்ட குடும்பத்துக்கு எந்தச் செயலியும் முகத்தைப் பார்த்துக் கடன் தராது. இந்தக் கடைகள் மூடப்பட்டால் முதலில் அடிபடுகிறவர் தினக்கூலிக்காரர்தான்.

மூடப்படுகின்றனவா? விரைவு வியாபாரத்தின் அடியால் ஒரே வருஷத்தில் சுமார் இரண்டு லட்சம் மளிகைக் கடைகள் மூடப்பட்டன என்று அகில இந்திய நுகர்பொருள் வினியோகஸ்தர் சம்மேளனம் 2024இல் கூறியது. இது சர்க்கார் எடுத்த கணக்கல்ல, வினியோகஸ்தர்கள் சொன்ன கணக்கு. நேரடியாகக் கணக்கெடுத்து உண்மையை நாட்டுக்குச் சொல்வது சர்க்காரின் கடமை. நஷ்டத்துக்கு விற்றுப் போட்டியாளனை ஒழிக்கிறார்கள் என்று அந்தச் சம்மேளனம் போட்டி ஆணையத்திடம் முறையிட்டிருக்கிறது. ஆனால் 2002ஆம் வருஷத்திய போட்டிச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சந்தையில் ஆதிக்கம் பெற்ற கம்பெனி அடக்கவிலைக்குக் கீழே விற்றால்தான் குற்றம். இரண்டு மூன்று கம்பெனிகள் சந்தையைப் பங்கிட்டுக்கொண்டு சேர்ந்தே அப்படிச் செய்தால், "எங்களில் யாருக்கும் ஆதிக்கம் இல்லையே" என்று கையை விரிக்கலாம். கூட்டு ஆதிக்கம் என்பதைச் சட்டம் அறியாது. சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரியாதா?

அதே சமயம், சிறு வியாபாரிக்கு நாம் கோயில் கட்டவில்லை. அவரது கடையிலும் காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கி இரவு பத்து மணிக்கு இறக்கும் கடைப் பையன் இருக்கிறான். வாரத்தில் ஒரு நாள் லீவும் கிடைக்காதவர் உண்டு. சென்னைக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947இல் வந்தது. கடையில் வேலை செய்பவருக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று அதில் ஒரு திருத்தம் சேர்க்க 2021 வரை ஆயிற்று! எத்தனை கடைகளில் இன்றும் நாற்காலி இருக்கிறது? ஏகபோகத்தை எதிர்த்து நம்முடன் நிற்க வரும் வியாபாரி நண்பர்களுக்குச் சொல்கிறோம்: உங்கள் கடைத் தொழிலாளிக்கு நியாயம் செய்யுங்கள். அவரும் வாடிக்கையாளரும் உங்கள் பக்கம் நின்றால்தான் உங்கள் கடை நிற்கும்.

வாங்குகிறவருக்கு என்ன மிச்சம்?

"மலிவாகக் கிடைக்கிறதே, ஏன் தடுக்கிறீர்கள்?" என்று நடுத்தர வர்க்க நண்பர்கள் கேட்கலாம். யாரும் தடுக்கவில்லை. ஆனால் இன்றைய மலிவு, நாளைய விலைக்குப் போடப்படும் தூண்டில் இரை. எதிரே கடை இல்லாத நாளில் விலை என்னவாகும் என்பதை யோசியுங்கள்.

நாளை வரை போவானேன்? கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, கட்டணங்களைக் கடைசிப் பக்கத்தில் காட்டுவது, "இன்னும் இரண்டுதான் இருக்கிறது" என்று பொய்யாக அவசரப்படுத்துவது முதலான 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டு, இவை கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வழிகாட்டு விதிகள் வெளியிட வேண்டி வந்தது. தவிர, நாம் எந்த மாதம் எதை வாங்கினோம், எதைக் குறைத்தோம், வீட்டில் குழந்தை பிறந்ததா, சர்க்கரை வியாதி வந்ததா என்பதெல்லாம் கம்பெனியின் கணக்கில் ஏறுகிறது. அண்ணாச்சியின் நோட்டில் நம் கடன் மட்டும் இருந்தது. இவர்கள் நோட்டில் நம் வாழ்க்கையே இருக்கிறது. அதுவும் விற்பனைக்குரிய சரக்கு.

28 தொழிலாளிகள் திறந்த கடை

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது.

1844 டிசம்பரில், இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், நெசவாளரும் மற்றத் தொழிலாளருமாக 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் போட்டு ஒரு கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவர்த்தி, இவ்வளவுதான் சரக்கு. கலப்படமில்லாத பொருள், சரியான எடை, வாங்கிய அளவுக்கு ஏற்ப லாபத்தில் பங்கு, ஆளுக்கு ஒரு ஓட்டு என்பவை அவர்கள் விதிகள். உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கு அந்தக் கடை வழிகாட்டியாயிற்று. நம் சென்னையில் 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. இன்று தமிழ்நாட்டின் ரேஷன் கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. இவ்வளவு பெரிய வலைப்பின்னல் எந்தப் பெருமுதலாளியிடம் இருக்கிறது?

"கூட்டுறவா! பூட்டிய கடையும், எடை குறைவும், ஆளுங்கட்சிக்காரர் தலைவராக உட்காருவதும்தானே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அங்கத்தினர்களைத் தூங்கவிட்டு அதிகாரிகள் நடத்தும் கூட்டுறவு அப்படித்தான் ஆகும். நோய்க்கு மருந்து தேர்தலும், பகிரங்கக் கணக்கும், அங்கத்தினர் கண்காணிப்பும். கடையையே ஏகபோகத்துக்கு ஒப்படைப்பது மருந்தல்ல.

பொது உடைமையில் தொழில்நுட்பம் வளராது என்பதும் பொய். 2016இல் வந்த யூ.பி.ஐ. பணப் பரிமாற்ற முறையைப் பாருங்கள். பாங்குகள் சேர்ந்து அமைத்த, லாப நோக்கமில்லாத ஸ்தாபனம் அதை நடத்துகிறது. பெட்டிக்கடை வரை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பாதையில் ஓடும் வண்டி யாருடையது? 2024இல் யூ.பி.ஐ. பரிமாற்றத்தில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் வால்மார்ட்டின் போன்பே, கூகுள் பே என்ற இரண்டு செயலிகள் வழியாகவே நடந்தது. எந்தச் செயலிக்கும் நூற்றுக்கு 30க்கு மேல் கூடாது என்ற வரம்பு, 2024 டிசம்பரில் மறுபடியும் இரண்டு வருஷம் தள்ளிப் போடப்பட்டது. சிறு கடைகளையும் வாங்குவோரையும் இணைக்க ஓ.என்.டி.சி. என்ற திறந்த வலையமைப்பு 2022 ஏப்ரலில் ஐந்து நகரங்களில் சோதனையாகத் தொடங்கியது. அவற்றில் நமது கோயம்புத்தூரும் ஒன்று. யோசனை நல்லது. ஆனால் பாதையைப் போட்டுவிட்டு, பெருமூலதனக்காரனும் பெட்டிக்கடைக்காரனும் "சமமாக" ஓடலாம் என்று விட்டுவிட்டால் யார் முந்துவார் என்பது குழந்தைக்கும் தெரியும். கேரளம் 2022 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் "கேரள சவாரி" என்ற வாடகை வண்டிச் செயலியை மாநில சர்க்காரின் பொறுப்பில், நூற்றுக்கு 8 மட்டுமே சேவைக் கட்டணமாக வைத்துத் தொடங்கிக் காட்டியது. ஆரம்பத்தில் அது தட்டுத்தடுமாறியதும் உண்மை. தடுமாற்றத்திலிருந்து பாடம் படிப்போம்.

ஆகவே, தொழில் தொடங்க விரும்பும் இளைஞர்களுக்கு நாம் சொல்வது இது: உங்கள் கல்வி வீண் போகக்கூடாது. ஆனால் விற்றுவிட்டு ஓடுவதற்காகத் தொழில் தொடங்காதீர்கள். உங்கள் ஊரில் இருபது கடைக்காரர்கள், இருபது வண்டி ஓட்டுபவர்கள், கம்ப்யூட்டர் தெரிந்த நாலு பேர் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்யுங்கள். பத்து நிமிஷம் வேண்டாம். காலையில் கேட்டால் மாலையில் வரும் என்று வையுங்கள். ஒரே தெருவுக்கு ஒரே பயணத்தில் பதினைந்து வீட்டுச் சாமானைக் கொண்டு போகலாம்; செலவு குறையும், கூலியும் கட்டும், தலையும் தப்பும். மேலே போட்ட 30 ரூபாய்க் கணக்கு அப்போதுதான் நேராகும். வேகத்தைக் குறைத்தால் கணக்கு நேராகிறது என்பதைக் கம்பெனிக்காரர்களும் அறிவார்கள். ஆனால் நஷ்டத்திலும் ஓடி எதிரியை ஒழிப்பதே அவர்களுக்கு நோக்கமாயிருக்கிறது.

நமது கோரிக்கைகள்

தனித்தனிச் சங்கங்கள் மட்டும் பெருமூலதனத்தைத் தாங்கி நிற்க முடியாது. சர்க்காரைப் பணிய வைக்கும் வெகுஜன இயக்கம் வேண்டும். நாம் கோருவது:

1. செயலி வழி வேலை செய்பவர்களைச் சட்டப்படி தொழிலாளர்கள் என்று அங்கீகரிக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்துக் குறைந்தபட்சக் கூலி, விபத்து நஷ்ட ஈடு, ஈ.எஸ்.ஐ., பிராவிடண்ட் பண்டு கொடுக்க வேண்டும்.

2. கூலி கணக்கிடும் சூத்திரத்தைத் தொழிலாளருக்கும் சங்கத்துக்கும் வெளிப்படையாகத் தர வேண்டும். விசாரணையின்றிக் கணக்கை முடக்குவதைத் தடை செய்ய வேண்டும்.

3. கூட்டு ஆதிக்கத்தையும் உள்ளடக்கிப் போட்டிச் சட்டத்தைத் திருத்த வேண்டும். அடக்கவிலைக்குக் கீழே விற்றுச் சிறு கடைகளை ஒழிப்பதைத் தண்டிக்க வேண்டும்.

4. கூட்டுறவுப் பண்டகசாலைகள், ரேஷன் கடைகள், சிறு கடைகள் ஆகியவற்றை இணைக்கும் பொதுச் செயலியை மாநில சர்க்கார் உருவாக்கி, இளைஞர் கூட்டுறவுகளுக்குக் குறைந்த வட்டிக் கடன் தர வேண்டும்.

5. கூட்டுறவுச் சங்கங்களுக்குக் காலா காலத்தில் ஒழுங்கான தேர்தல் நடத்த வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளைக் கிட்டங்கி வாசலில் காத்திருக்கும் தொழிலாளியிடமும், தெருமுனைக் கடைக்காரரிடமும், கடைப் பையனிடமும், குடும்பப் பெண்களிடமும் கொண்டு செல்வோம். நாலு பேரையும் ஒருவருக்கொருவர் எதிரியாக நிறுத்துவதில்தான் ஏகபோகத்தின் பிழைப்பு இருக்கிறது. அவர்களை ஒரே மேடையில் உட்கார வைப்பது நமது வேலை. டிசம்பர் வேலைநிறுத்தம் ஒரு விளம்பரத்தை அழித்தது. சங்கம் வளர்ந்தால் கூலி விகிதத்தையும் மாற்ற முடியும். ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் உள்ள கிட்டங்கி எது, அங்கே வேலை செய்பவர் எத்தனை பேர் என்று இந்த வாரமே விசாரித்து அறியட்டும், அவர்களைச் சந்திக்கட்டும்.